குறி பிரித்த துணி

அந்த வீட்டில் ஏறுது, இறங்குது என்று இரண்டு சொற்கள் எந்நேரமும் புழங்கின. வெளியாள் கேட்டால் காய்ச்சலைப் பற்றியோ விலைவாசியைப் பற்றியோ பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். பேச்செல்லாம் சின்னதைப் பற்றித்தான். சின்னது சத்தமாகச் சிரித்தால் ஏறுது. சோறு வேண்டாமென்று தட்டைத் தள்ளினால் ஏறுது. மூலையில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தால் இறங்கியிருக்கிறாள், வீடு நிம்மதியாக மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

சின்னது என்றதும் குழந்தை என்று எண்ணிவிட வேண்டாம். நாற்பதை எட்டிப் பார்க்கிற வயது. கடைசியாகப் பிறந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர், உதிரவே இல்லை. இருபது வயதில் அவளுக்கு மனசு புரண்டுவிட்டது. தூக்கமில்லாமல் சுவரோடு பேசினாள், தெருவில் இறங்கி நடந்தாள். அதிலிருந்து காலையில் ஒரு மாத்திரை, படுக்கும்போது ஒரு மாத்திரை. அது போக, கைமீறிப் போனால் மட்டும் கொடுக்கச் சொல்லி டாக்டர் தனியாக எழுதித் தந்தது ஒன்று. அதற்கு வீட்டில் பெயர் இறக்குற மாத்திரை. கைமீறுவது என்றால் எதுவரை என்று டாக்டர் சொல்லவில்லை. வீட்டார் தாங்களே ஒரு கோடு போட்டுக்கொண்டார்கள். வருஷம் போகப் போக அந்தக் கோடு இறங்கிக்கொண்டே வந்து, இப்போது குரல் உயர்ந்தாலே மாத்திரை என்கிற இடத்தில் நின்றது.

சின்னதுக்கு ஒரே அண்ணன். அவன் பெண்டாட்டியை அவள் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டுத் தெருவுக்கே அவள் அண்ணியாகிப் போனாள். வீட்டிலேயே அவர்கள் நடத்திய லாண்ட்ரிக்குத் துணி போட வரும் பல்லுப்போன கிழவர்கூட, "அண்ணி, என் கால்சட்டை ஆச்சா?" என்றுதான் கேட்பார். அதற்கெல்லாம் அண்ணி கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளுடைய கோபம் இரண்டு பேருக்கென்று எடுத்து வைத்தது. ஒன்று மழை. இன்னொன்று கேள்வி.

மழை லாண்ட்ரி வீட்டுக்குச் சக்களத்தி மாதிரி. லாட்ஜிலிருந்து மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்பு வந்து இறங்கும், காயப்போட வெயில் இருக்காது. முன்னறையிலிருந்து சமையலறை வரைக்கும் கயிறு கட்டி விரிப்புகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒரு விரிப்புக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று காலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளலாம். ஒட்டுக் கேட்பதற்கு இதைவிட வசதியான வீடு கிடையாது.

கேள்வி என்பது ஓர் ஆள். மனநல மருத்துவமனையிலிருந்து வீடு வீடாகப் பார்க்க வரும் நர்ஸம்மா. முதல் தடவை வந்தபோது அவள் பதிலே சொல்லாமல் கேள்வியாகக் கேட்டுவிட்டுப் போனதால் அண்ணி வைத்த பெயர் அது. அவள் எதைப் பார்க்கிறாள், எங்கே கண் நிற்கிறது, எதைப் பார்த்து வாயை மூடிக்கொள்கிறாள் என்று அண்ணி கணக்கு வைத்துக்கொண்டே இருப்பாள். நம்மைப் பற்றி எங்கேயோ போய் ஏதோ சொல்லப் போகிறாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அன்றைக்கும் அப்படித்தான், மழையும் கேள்வியும் சேர்ந்தே வந்தன.

"வாங்க" என்றாள் அண்ணி, எதுக்கு வந்தீங்க என்கிற குரலில்.

"குடை சொட்டுது. வீட்டை ஈரம் பண்ணிடப் போறேன்."

"காஞ்ச இடம்னு ஒண்ணு இந்த வீட்ல இருந்தா சொல்லுங்க, நானே போய் உக்காந்துக்குறேன்."

நர்ஸம்மா சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை. தலையணை உறையின் மேல் தண்ணீர் தெளித்து, இஸ்திரிப்பெட்டியை வைத்து அழுத்தினாள். ஆவி எழுந்தது.

"எப்படி இருக்காங்க உங்க நாத்தனார்?"

"இறங்கித்தான் இருக்கா."

"தூக்கம்?"

"தூங்குறா."

"அம்மாவப் பத்திக் கேக்குறாங்களா?"

பெட்டி ஒரு கணம் நின்றது. துணி கருகிவிடும் என்று கைக்குத் தெரிந்ததால் தானாக நகர்ந்துகொண்டது.

"கேக்கல. ஆரம்பத்துல ஒரு தடவ கேட்டா. பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்காங்கன்னு சொன்னோம். அதோட விட்டுட்டா."

"இத்தன மாசமா ஒரு தடவகூடக் கேக்கலயா?"

"அதான் சொன்னேனே."

"அதுதாங்க எனக்குப் பயமா இருக்கு."

"நல்லா இருக்கே கதை. கேட்டாத்தான் நாங்க பயப்படணும். கேக்காம இருக்கறதுக்கு எதுக்குப் பயம்?"

நடந்தது இதுதான். மழைக்காலத்துக்கு முன்னால், வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நாட்களில் மாமியார் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பவில்லை. உடம்பை வீட்டுக்குக் கொண்டு வந்தால் சின்னதுக்கு ஏறிவிடும் என்று அண்ணன் முடிவு செய்தான். ஆஸ்பத்திரியிலிருந்தே நேராக எடுத்துப் போய்ப் புதைத்தார்கள். அந்த நேரத்தில் சின்னது வீட்டில் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். டீயில் இரண்டு இறக்குற மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கொடுத்தது அண்ணிதான். கொடுக்கச் சொன்னது அண்ணன்தான். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் அழ முடியாமல் போயிற்று. அண்ணிக்கு அழுகை வந்தால் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள். மாமியாரும் அவளும் இஸ்திரி மேஜையின் இரண்டு பக்கம் நின்று சண்டை போட்டுக்கொண்டே பதினெட்டு வருஷம் ஓட்டியவர்கள். சண்டைக்கு ஆளில்லாமல் போனது அவளுக்கு இவ்வளவு வலிக்குமென்று அவளே எதிர்பார்க்கவில்லை.

"இறக்குற மாத்திரை அட்டை சீக்கிரம் சீக்கிரமா காலியாகுது போலிருக்கே" என்றாள் நர்ஸம்மா, மெல்ல.

"நாங்க என்ன, எடுத்துத் திங்கவா செய்றோம்?"

"நான் அப்படிச் சொல்லலீங்க. சரி, நான் அவங்களோட கொஞ்சம் பேசிக்கிட்டு இருக்கேன்."

சின்னது உள்ளறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து குறி தைத்துக்கொண்டிருந்தாள். லாண்ட்ரியில் அது அவள் வேலை. யார் வீட்டுத் துணி யாருடையது என்று கலந்துபோகாமலிருக்க, ஒவ்வொரு வாடிக்கைக்கும் ஒரு குறி, துணியின் உள் ஓரத்தில் சிவப்பு நூலில் தைக்க வேண்டும். வீட்டுத் துணியும் அதே இயந்திரத்தில்தான் சுழல்கிறது என்பதால் வீட்டு ஆட்களுக்கும் குறி உண்டு. அம்மாவுக்கு மூன்று புள்ளி. வாடிக்கைக்காரர் யாராவது ஊரைவிட்டுப் போனாலோ கண்ணை மூடினாலோ, மீந்த துணியில் குறியைப் பிரித்துவிடுவது அந்தக் கடைப் பழக்கம். பிரித்தால்தான் அந்தக் குறியை வேறொருவருக்குத் தரலாம்.

இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று அண்ணிக்குச் சரியாகக் கேட்கவில்லை. விரிப்புகளை விலக்கிக்கொண்டு போய், சும்மா ஈரம் பார்க்கிற பாவனையில் நின்றாள். நர்ஸம்மாவின் குரல் தாழ்ந்திருந்தது. "அம்மா இப்ப எதிர்ல உக்காந்திருந்தா என்ன சொல்வீங்க?" என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது. இவள் எதையோ தோண்டுகிறாள் என்று அண்ணிக்குப் பட்டது. அப்புறம் சின்னதின் குரல், அந்த வீடு மறந்தே போயிருந்த உயரத்தில் எழுந்தது.

"பொய். எல்லாரும் பொய். இந்த வீட்ல துணி மட்டுந்தான் சுத்தம்."

விரிப்பை விலக்கிக்கொண்டு வந்தாள். மேஜை மேல் அடுக்கியிருந்த தலையணை உறைகளை, அண்ணி காலையிலிருந்து நின்று தேய்த்து மடித்ததை, அப்படியே இரண்டு கையாலும் அள்ளி வாசலுக்கு வெளியே எறிந்தாள். அது சேற்றில் விழுந்தது. எறிந்துவிட்டு அவள் மறுபடி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

அண்ணி இறக்குற மாத்திரை எடுக்க அலமாரிக்குப் போனாள். நர்ஸம்மா குறுக்கே வரவில்லை. ஆனால் சொன்னாள்.

"அவங்க யாரையும் அடிக்கல. தன்னையும் ஒண்ணும் பண்ணிக்கல. கோவம் வந்திருக்கு. வரட்டுமே."

"வரட்டுமா? நீங்க குடைய விரிச்சுட்டுப் போயிடுவீங்க. சேத்துல கெடக்குறத யாரு தொவைக்கறது?"

"காலை மாத்திரை, ராத்திரி மாத்திரை ரெண்டும் ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. அதுல கைய வச்சுடாதீங்க. தூங்காம இருந்தா, அடிக்க வந்தா, என்னை உடனே கூப்பிடுங்க. நடுவுல குடுக்குறத மட்டும் ஒரு நிமிஷம் யோசிச்சுக் குடுங்கன்றேன். ஏறுறதுக்கும் கோவத்துக்கும் வித்தியாசம் இருக்குல்ல?"

"எத்தன வருஷமா நான் சோறு போடுறேன். எனக்குத் தெரியாத வித்தியாசமா?"

"தெரியும். அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன்" என்றாள் நர்ஸம்மா. அந்தப் பதில் அண்ணிக்குப் பிடிக்கவில்லை. அதில் ஏதோ பொடி வைத்திருக்கிறாள் என்று தோன்றியது. ஆனாலும் அவள் முன்னால் அட்டையை எடுக்க மனசு வரவில்லை.

சாயங்காலம் அண்ணன் துணி மூட்டையோடு நனைந்து வந்தான். சேறு படிந்த உறைகள் தொட்டியில் ஊறுவதைப் பார்த்தான். கேட்காமலே புரிந்துகொண்டான்.

"அம்மா விஷயத்த யாரு சொன்னா அவகிட்ட?"

"யாரும் சொல்லல."

"அந்த நர்ஸு சொல்லியிருப்பா."

"பக்கத்துலதான் நின்னேன். அவ கேட்டாளே தவிர சொல்லல."

"அப்ப நீ எதாச்சும் ஒளறுனியா?"

அண்ணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆமா. மைக் வச்சுச் சொன்னேன்."

அவன் ரொட்டியை டீயில் முக்கித் தின்றான். தின்றபடியே உள்ளறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே விரிப்புக்குக் கீழே தங்கையின் இரண்டு கால்கள் அசையாமல் தெரிந்தன. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாளோ என்று குரலைத் தாழ்த்தினான்.

"நாளைக்குக் காலைல டாக்ஸி சொல்றேன். ஆஸ்பத்திரி வார்டுல கொஞ்ச நாள் இருக்கட்டும்."

"வார்டா?"

"பின்ன? இன்னிக்குத் துணிய எறிஞ்சா. நாளைக்கு இஸ்திரிப்பெட்டிய எறிவா. பெட்டி சூடா இருக்கும்."

"போன தடவ வார்டுலேர்ந்து எப்படித் திரும்பி வந்தான்னு நெனப்பு இருக்கா?"

அவனுக்கு நினைப்பு இருந்தது. தலைமுடியை ஒட்ட வெட்டி அனுப்பியிருந்தார்கள். முடி வளர்ந்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்து வெகுநாள் வரைக்கும் சின்னது, தண்ணீர் குடிக்கலாமா என்று அனுமதி கேட்டுக்கொண்டிருந்தாள். தன் வீட்டில், தன் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டாள். அதைக் கேட்ட ஒவ்வொரு தடவையும் மாமியார் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொள்வாள்.

"வேற வழி இருந்தா நீ சொல்லு" என்றான். அண்ணியிடம் வேறு வழி இல்லை. "காலைல நான் வண்டியோட வரதுக்குள்ள ரெண்டு குடுத்து வச்சுடு. கத்தாம ஏறி உக்காரட்டும்."

மறுநாள் மழை விட்டிருந்தது. அண்ணன் விடிந்ததும் கிளம்பிப் போனான். அண்ணி இரண்டு இறக்குற மாத்திரையைக் காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். டீயில் போடலாமா, சோற்றில் போடலாமா என்று யோசனை. அதற்குள் லாட்ஜ் விரிப்புகளை மடித்தாக வேண்டும், மத்தியானம் ஆள் வந்துவிடுவான். பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, நாலு முனையையும் பிடித்து, விறைப்பாக இழுத்து, பாதியாக்கி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். மாமியார் இருந்தவரை அது மாமியார் நின்ற இடம். இப்போது சின்னது நிற்கிறாள்.

இரண்டு மூன்று விரிப்பு மடித்தாயிற்று. சின்னது இழுத்த இழுப்பில் அண்ணியின் கை முனையிலிருந்து நழுவியது.

"இறுக்கிப் புடிங்க அண்ணி."

"புடிச்சுத்தான் இருக்கேன். நீ ஏன் இந்த இழு இழுக்குற?"

"எங்கம்மா எப்ப செத்தா?"

அண்ணி விரிப்பை விடவில்லை. விட்டால் விழுந்துவிடும் என்று பிடித்துக்கொண்டாள். விழுந்துவிடும் என்று அவள் பயந்தது விரிப்பை மட்டும் அல்ல.

"என்ன பேச்சு இது காலங்காத்தால. அவங்க பெரியம்மா வீட்ல..."

"பெரியம்மா வீட்டுக்குப் போனவங்க துணியில எதுக்குக் குறியப் பிரிச்சீங்க?"

அண்ணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மாமியாரைப் புதைத்த அடுத்த வாரம், அவள் துணிகளைத் துவைத்து யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எடுத்திருந்தாள். கொடுத்தால் சின்னது கண்டுபிடித்துவிடுவாள் என்று அண்ணன் தடுத்ததால் திரும்ப அலமாரியிலேயே அடுக்கினாள். ஆனால் அதற்குள் கை தன் வேலையைப் பார்த்துவிட்டிருந்தது. ஒவ்வொரு துணியிலும் மூன்று சிவப்புப் புள்ளியை ஊசி முனையால் பிரித்து எடுத்திருந்தது. எத்தனையோ வருஷப் பழக்கம். செத்தவர் துணி என்றால் குறி பிரிக்க வேண்டும். தான் அதைச் செய்ததுகூட அவள் நினைவில் இல்லை.

"நான் தச்ச குறி அண்ணி அது. நூலு போனாலும் ஓட்ட இருக்கும். எனக்குத் தெரியாதா?"

"அப்பவேவா பாத்த?"

"அப்பவேதான். யாராச்சும் சொல்லுவீங்கன்னு இருந்தேன். இன்னிக்குச் சொல்லுவாங்க, நாளைக்குச் சொல்லுவாங்கன்னு. வாயத் தொறந்து கேட்டா மாத்திரை குடுத்துடுவீங்க. தூங்கிடுவேன். தூங்கி எழுந்தா கோவம் எங்க வச்சேன்னு தெரியாது. அதனாலதான் கேக்கல."

அவள் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. "அன்னிக்கு டீ கசந்துச்சு. தெரிஞ்சேதான் குடிச்சேன், நீங்க குடுத்தீங்கன்னு குடிச்சேன். எழுந்து பாத்தா உங்க கண்ணு வீங்கியிருந்துச்சு. கேட்டதுக்கு வெங்காயம்னீங்க. அன்னிக்கு அடுப்பே பத்த வைக்கல. அண்ணன் வெளியிலேர்ந்து ரொட்டி வாங்கிட்டு வந்தான். சமைக்காத வீட்ல எந்த வெங்காயம் அண்ணி?"

அண்ணியின் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போனது. காகித மடிப்பு விரலில் பட்டது. அங்கேயே நின்றது.

சின்னதுக்கு ஏறினால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பேச்சுக்குத் தலையும் இருக்காது, வாலும் இருக்காது. ஆரம்பித்த வாக்கியம் முடியாது. கண் ஆளைப் பார்க்காது, ஆளுக்குப் பின்னால் எதையோ பார்க்கும். இப்போது எதிரில் நின்றவள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் பேசுகிறாள். அவள் கண் நேராகத் தன் முகத்தில் நிற்கிறது. கத்துகிற கத்தலுக்கு நடுவிலும் கையிலிருந்த விரிப்பின் முனைகளைச் சரியாகச் சேர்த்துப் பிடித்திருக்கிறாள். இது ஏறியது இல்லை. அம்மா செத்ததை மறைத்தால் எந்த வீட்டுப் பெண்ணும் இப்படித்தான் கத்துவாள். அண்ணியே கத்தியிருப்பாள், இதைவிட மோசமாக. சீக்குக்காரி என்று பெயர் வைத்ததால் இவளுக்கு மட்டும் அந்த உரிமை இல்லாமல் போய்விட்டது. அதை நினைத்ததும் அண்ணிக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"செத்துட்டாங்க" என்றாள். "நெஞ்சுவலி. ஆஸ்பத்திரில ஒரு நாள்தான் இருந்தாங்க. நான்தான் மாத்திரை குடுத்தேன். உங்கண்ணன் சொன்னாருன்னு சொல்லித் தப்பிக்க மாட்டேன். கைய வச்சது நான்."

சின்னது விரிப்பைத் தரையில் போட்டாள். பிறகு அழுதாள். அப்படி ஓர் அழுகையை அந்தத் தெரு கேட்டு வெகுகாலம் ஆகியிருக்கும். பானையில் கொதிப்பது மூடியைத் தள்ளிக்கொண்டு வருகிற மாதிரி வந்தது. அடுத்த வீட்டுக்காரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வழக்கமாக அண்ணி இந்த இடத்தில் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவாள். இன்றைக்குச் சாத்தவில்லை. அவளும் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். குழாய்ச் சத்தமில்லாமல் தன் அழுகை எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் கேட்டாள்.

வாசலில் டாக்ஸி வந்து நின்றது. அண்ணன் உள்ளே வந்து, இரண்டு பேரும் தரையில் கிடப்பதைப் பார்த்தான்.

"குடுத்தியா?"

"இல்ல."

"ஏன் குடுக்கல? பாரு, எப்படி ஏறியிருக்குன்னு."

"ஏறல. கோவமா இருக்கா. உங்க மேல, என் மேல."

"உனக்கு என்ன தெரியும்? அந்த நர்ஸு சொல்லிக் குடுத்தாளா?"

"அவமேல எனக்கு இன்னும் சந்தேகம்தான். ஆனா எங்கண்ணு மேல இல்ல. பதினெட்டு வருஷமா பாக்குற கண்ணு. அவளுக்கு எல்லாம் தெரியும். ஆரம்பத்துலேர்ந்தே தெரியும்."

அண்ணன் தங்கையைப் பார்த்தான். கதவுப் பக்கம் ஓரடி பின்னால் வைத்தான். அவள் எழுந்து அவன் எதிரில் வந்து நின்றாள்.

"கடைசியில அம்மா என்னக் கேட்டாளா?"

அவன் வாசலில் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"கேட்டாளா இல்லையா?"

"கேட்டா."

"என்னன்னு?"

"உன்னக் கூட்டிட்டு வரச் சொன்னா."

"நீ ஏன் வரல?"

"நீ தாங்க மாட்டேன்னு..."

"நான் தாங்க மாட்டேனா? நீ தாங்க மாட்டியா?"

அவள் அவன் மார்பில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். பலமாகத்தான் தள்ளினாள். அண்ணி எழுந்திருக்கப் போனவள், சின்னதின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றான், திருப்பித் தள்ளவில்லை.

"அவளை எங்க வச்சிருக்கீங்க?"

"ஆத்தங்கரை இடுகாட்டுல."

"அங்க போகணும். வண்டி வந்துருச்சில்ல? நட."

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். காலை மாத்திரையைத் தானே எடுத்து, அண்ணி பார்க்கும்படி விழுங்கினாள். டாக்ஸியின் பின் இருக்கையில் ஏறி, அண்ணிக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

அண்ணன் முன் கதவைத் திறந்தான். ஏறவில்லை. கதவைப் பிடித்தபடியே, மழை நின்ற அந்த ஈர வாசலில் உட்கார்ந்துவிட்டான். நெஞ்சுக்குள்ளிருந்து ஏதோ அறுந்த மாதிரி ஒரு சத்தம். தெருவே திரும்பிப் பார்க்க, பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க, அம்மா அம்மா என்று கத்தி அழுதான். அண்ணி பதறிப்போய் வண்டியைவிட்டு இறங்கப் பார்த்தாள். சின்னது அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"விடுங்க அண்ணி. மாத்திரை கீத்திரைன்னு ஓடாதீங்க. அவன் இன்னும் அழவே இல்ல. அழுது முடிக்கட்டும், அப்புறம் போலாம்."

டாக்ஸிக்காரர் வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.